விளக்குக்காரனை வாசித்த அக்கா

என் அக்கா புஷ்பராணி சென்ற மாதம் டொராண்டோவில் காலமானாள். அவளை அங்கே அறிந்தவர்கள் இறுதிச்சடங்கில் பேசியதை இங்கே கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிச் சமையலறையில் அவளோடு வேலை செய்த ஒரு பெண், புஷ்பா மிகவும் அமைதியானவள், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள் என்றாள். அக்காவின் மூத்த மகனும் அதையே சொன்னான். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் அரசன், உப்பு விற்கும் ஒரு பெண், பல பொய்யர்கள், ஒரு ராட்சத நண்டு என்று அத்தனை பேருக்கும் குரல் கொடுத்தவள் அவள். அந்தக் குரல்களைக் கேட்டவர்களில் இன்று இருப்பது நானும் பக்கத்து வீட்டுக் கமாலும்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா விநாசித்தம்பி துறைமுகத்தில் குமாஸ்தா. அக்கா ஆறாம் படிவம் முடித்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. பூகோளம் படிக்க ஆசைப்பட்டவள், பாயான் லெப்பாசில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையின் ஆபீசில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் முச்சந்தியில் கம்பெனி பஸ் வரும். சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடும்.

கமாலின் வாப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவனுடைய சாச்சாவுக்கு, வாப்பாவின் தம்பிக்கு, சரக்குக் கப்பலில் வேலை. யோக்கோகாமா போய் வந்த ஒரு தடவை அவர் கமாலுக்கு டீவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்றையும் இரண்டு கேசட்டுகளையும் கொண்டுவந்தார். கமால் வீட்டு டீவி கடையில் வாடிக்கையாளருக்காக இருந்ததால் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

முதல் கேசட்டில் விமானங்கள் சுட்டுக்கொண்டன. இரண்டு நாளில் அலுத்துப்போயிற்று. இரண்டாவதைப் போட்டபோது திரை கறுப்பாகவே இருந்தது. கெட்டுப்போன கேசட் என்று கமால் அதைக் கழற்றப் போனான். அப்போதுதான் நடுவில் ஒரு சின்ன மனிதன் நிற்பது தெரிந்தது. கையில் விளக்கு. அவனைச் சுற்றி இரண்டு எட்டுத் தூரத்துக்கு மட்டும் வெளிச்சம். யாரும் அவனைச் சுடவில்லை. மேலே புள்ளிகள் ஓடவில்லை. நாங்கள் சும்மா இருந்தால் அவனும் சும்மா நின்றான். வலப்பக்கம் நடக்கவைத்தோம். புல் வந்தது, பிறகு மணல் வந்தது, பிறகு நீலமாக ஏதோ அசைந்தது.

"டேய், கடல்டா!" என்றான் கமால். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் உண்மையான கடல் இருந்தது. அதை நாங்கள் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

கடற்கரையில் ஒரு பெண் நின்றாள். அவள் அருகே போனதும் கீழே ஒரு கட்டம் திறந்து, நிறைய எழுத்துகள் வந்து நின்றன. எல்லாம் ஜப்பான் எழுத்து. மூலையில் ஒரு சிறு அம்பு மினுக்கிக்கொண்டே இருந்தது, பொத்தானை அழுத்தும் வரைக்கும். நாங்கள் அழுத்தவில்லை. அக்கா வேலையிலிருந்து வரும்வரை அந்தப் பெண்ணை அப்படியே நிற்கவைத்திருந்தோம்.

"அக்கா, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க," என்றான் கமால்.

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"நீங்க ஜப்பான் கம்பெனியிலதானே வேல செய்றீங்க!"

அடுப்படியிலிருந்து அம்மா, "வாசிச்சுக் காட்டன் பிள்ளை. பெடியள் எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்," என்றாள். மகளுக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று அம்மா கோயிலில் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தாள். ஜப்பான் கம்பெனியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவளுக்கு அந்தப் பாஷை தெரியாமலா இருக்கும்? எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததில்லை.

அக்காவுக்கு அதில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அவள் தட்டியதெல்லாம் ஆங்கிலக் கடிதமும் மலாய்க் கடிதமும்தான். ஆனால் அன்று அவள் அம்மா நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள்.

"'தம்பி, விளக்கோட வந்திருக்கிறியே, நீ யாரு? நான் உப்பு விக்கிறவ. எங்க தீவில விடிஞ்சு மூணு வருஷமாச்சு. என் வீட்டுக்காரர் வெளிச்சம் தேடிப் படகுல போனவர். அவருக்கு உப்புப் போட்டா சோறு இறங்காது, உப்பு இல்லாட்டியும் இறங்காது. போற வழியில பார்த்தா, நான் கோபமா இல்லன்னு சொல்லு.'"

கமால் வாயைத் திறந்தபடி இருந்தான். "எவ்வளவு நீளமாப் பேசுது லா," என்றான்.

"ஜப்பான் எழுத்து அப்படித்தான். சின்னதா இருக்கும், உள்ள நிறைய இருக்கும்," என்றாள் அக்கா.

திரையில் நின்ற சின்ன மனிதனுக்கு விளக்குக்காரன் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அன்றிலிருந்து கம்பெனி பஸ் எப்போது வரும் என்று முச்சந்தியிலேயே காத்திருந்தோம். நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஆட்களை அவளுக்காக நிறுத்தி வைத்திருப்போம். அரசன் அவளுடைய ஆபீஸ் மேனேஜரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான். குகை வாசலில் இருந்த நண்டு அழுதுகொண்டே சண்டைக்கு வந்தது. அதற்குப் பல்வலி என்றாள் அக்கா. நண்டுக்குப் பல் ஏது என்று நான் கேட்டதற்கு, "அதாண்டா வலிக்குது," என்றாள்.

அவள் வாசித்தபடி போனால் வழி கிடைக்காது. அதுதான் தொல்லை. ஒரு தாடிக்காரக் கிழவன் மலைக்கு அடியில் சாவி இருப்பதாகச் சொன்னான். பள்ளி விடுமுறை முழுவதும் அந்த மலையைச் சுற்றினோம். கடைசியில் சாவி ஒரு கிணற்றுக்குள் கிடந்தது.

"அக்கா, உங்க ஜப்பான்காரன் சரியான பொய்யன்," என்று கமால் சண்டைக்கு வந்தான்.

"அவன் மூஞ்சியப் பாருடா. உண்மை பேசற மூஞ்சியா அது? நீங்க ரெண்டு பேரும் நம்பினீங்க பாருங்க, அதுதான் ஆச்சரியம்."

அதற்குப் பிறகு தாடி வைத்த யாரையும் நாங்கள் நம்பவில்லை. மறு ஆண்டு சாச்சா இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தபோது அதே விளக்குக்காரன் கொஞ்சம் உயரமாக இருந்தான். உப்புக்காரியின் கணவன் அந்தப் பாகத்தில் கிடைத்துவிட்டான். மனைவி சொல்லியனுப்பியதைக் கேட்டதும் அவன் படகைத் திருப்பினான் என்று அக்கா வாசித்தாள். அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, "போய்ச் சேந்திட்டானோ?" என்று கேட்டாள்.

இப்போது அந்த விளையாட்டின் மூன்று பாகங்களும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. போன வாரம் கைத்தொலைபேசியில் முதல் பாகத்தை இறக்கிப் பார்த்தேன். கடற்கரையில் அதே பெண் நின்றாள். 'மேற்கே ஒரு குகை இருக்கிறது. மருந்து வாங்கிக்கொள்' என்றாள். அவ்வளவுதான். அவள் உப்பே விற்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

மூன்றாம் பாகம் வந்த அதே மாதம் அக்காவின் கல்யாணமும் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை விஸ்வலிங்கம், யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் கனடாவில் குடியேறியவர், அப்பாவின் தூரத்து உறவு. இரண்டு புகைப்படங்கள் வந்தன, ஒன்று போனது. அக்கா ஈப்போவுக்கு அப்பால் எங்கும் போனதில்லை. கனடா எவ்வளவு தூரம் என்று கமால் கேட்டபோது அவள் பழைய பூகோளப் புத்தகத்தை எடுத்து வந்து விரலால் அளந்து காட்டினாள். விரல் கடலிலேயே நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது.

எனக்குக் கல்யாணத்தைப் பற்றிய கவலை ஒன்றுதான். அவள் போவதற்குள் மூன்றாம் பாகத்தை முடிக்க வேண்டும். முடியவில்லை. கடைசித் தீவில் இருந்த இருட்டரசன் எங்களை மறுபடி மறுபடி விழுங்கினான். விமான நிலையத்தில், பட்டுச்சேலை உடுத்தி, ஒரு பெரிய கம்பளிக் கோட்டைக் கையில் மடித்துவைத்துக்கொண்டு அவள் நின்றபோது, "அக்கா, இனி யாரு படிச்சுக் காட்டுவா?" என்று கேட்டேன்.

"முடிக்கும்போது கடைசியில எழுத்து வரும்ல, அத அழுத்தாம வச்சிரு. டெலிபோன் எதுக்கு இருக்கு? நான் படிச்சுச் சொல்றேன்."

"மறக்கமாட்டியே?"

"நீதாண்டா மறக்கக்கூடாது."

அதன் பிறகு அவள் வாழ்ந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ரொட்டி ஆலையில் பொதி கட்டினாள். பிறகு பள்ளிச் சமையலறை. இரண்டு மகன்கள். அப்பா போனபோது ஒரு தடவை, அம்மா போனபோது ஒரு தடவை பினாங்குக்கு வந்தாள். அந்த வருகைகளில் யார் விளையாட்டைப் பற்றிப் பேசுவார்கள்? ஆனால் அவள் போன முதல் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கும். அவளுக்கு அங்கே சனிக்கிழமை இரவு. சில நிமிடங்கள்தான். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்பாள். அக்கா, "பனி பெய்யுது, நல்லாத்தான் இருக்கிறன்," என்பாள். இரண்டும் எல்லா வாரமும் ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் கமாலும் இருட்டரசனை வீழ்த்தினோம். கத்தக்கூட இல்லை. பயத்தில் கையைப் பிடித்துக்கொண்டோம். திரை வெளுத்து, ஒரு கடற்கரை வந்தது. விளக்குக்காரன் மணலில் விளக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றான். கட்டம் திறந்து, எழுத்துகள் நிரம்பின. அம்பு மினுக்கத் தொடங்கியது.

அந்த இடத்தில் பெட்டியை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். இருட்டரசனை இன்னொரு தடவை வெல்வோம் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. ஞாயிறு வரைக்கும் பெட்டி ஓடட்டும் என்று முடிவு செய்தோம். "வீடு பத்தி எரியப்போகுது," என்றார் அப்பா. ஆனால் படுக்கப் போகும்முன் மேசை விசிறியை எடுத்துவந்து பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தது அவர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் இடி இறங்கியது. மின்னல் வெட்டினால் வீட்டில் ஒரு சுவிட்சையும் அம்மா விட்டுவைக்கமாட்டாள். டீவி, ஏரியல், ஐஸ்பெட்டி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றின் பிளக்கும் பிடுங்கப்படும். அவள் கூடத்துக்கு ஓடிவந்தாள். டீவியைப் பிடுங்கினாள். ஏரியலைப் பிடுங்கினாள். விசிறியைப் பிடுங்கினாள். விளையாட்டுப் பெட்டியின் பிளக்கில் கை வைத்தாள். வெளியே இன்னொரு இடி.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். "அவள் வாசிக்க வேணுமெல்லே," என்றாள். ஓர் ஓலை விசிறியை எடுத்துவந்து, மழை விடும்வரை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீசினாள்.

மறுநாள் காலை மணி அடித்தபோது நான்தான் எடுத்தேன். டீவி போட்டிருந்தது. தொலைபேசியில் நின்றபடியே திரை தெரிந்தது.

"அக்கா, முடிச்சிட்டோம்! எழுத்து நிக்குது. வெள்ளிக்கிழமையிலருந்து நிக்குது!"

அந்தப் பக்கம் சிரிப்பா மூச்சா என்று தெரியாத ஒரு சத்தம். "பொறு, பொறு. பக்கத்துல யார் இருக்கா?"

"கமால், அம்மா. அப்பா கோயிலுக்குப் போயிட்டாரு. நீ படி அக்கா."

"ஜன்னல் திறந்திருக்கா? ரோட்டுல என்ன சத்தம்?"

"ரொட்டிக்காரன் மோட்டர் சைக்கிள். அக்கா, படியேன்!"

"சரி. படத்துல என்ன இருக்கு, சொல்லு."

"கடற்கரை. விளக்குக்காரன் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறான். விளக்கு கீழ இருக்கு. தூரத்துல ஒரு வீடு. ஜன்னல்ல வெளிச்சம்."

"கதவு?"

"திறந்திருக்கு."

"எழுத்து எப்படி இருக்குன்னு கேக்கவே இல்லையேடா," என்று கமால் என் காதருகே கிசுகிசுத்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

கடலுக்கடியில் ஓடும் கம்பியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அக்கா வாசித்தாள். இந்தத் தடவை யாருடைய குரலிலும் வாசிக்கவில்லை.

"'வெளிச்சத்தக் கொண்டுபோறேன்னு நான்தான் கிளம்பினேன். ரொம்பத் தூரம் போயிட்டேன். திரும்பிப் பார்த்தா எங்க வீட்டுல வெளிச்சம் இருக்கு. நான் இல்லாமலே நல்லா எரியுது. இப்ப நான் போய்க் கதவத் தட்டினா, யாருன்னு கேப்பாங்களா?'" சற்று நின்று, "அவ்வளவுதான் போட்டிருக்கு. அழுத்து," என்றாள்.

கமால் அழுத்தினான். விளக்குக்காரன் குனிந்து விளக்கை எடுத்துக்கொண்டான். வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பினான். பிறகு கடலுக்கு நடந்தான். அங்கே ஒரு படகு இருந்தது. அதில் ஏறிக்கொண்டான்.

"என்ன செய்றான்?" என்றாள் அக்கா. "உள்ள போறானா?"

கமால் என்னைப் பார்த்தான். படகு கரையை விட்டு நகர்ந்தது.

"போறான்க்கா," என்றேன்.

"யார் வந்தா?"

"எல்லாரும் வந்துட்டாங்க. வாசலுக்கே வந்துட்டாங்க."

"யாருன்னு கேட்டாங்களா?"

"இல்லக்கா. ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேட்டாங்க."

"உக்கார வச்சு சோறு போடுறாங்கன்னு சொல்லுடா," என்றான் கமால் மெல்ல.

அதற்குள் அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். திரையில் படகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. அம்மா அதைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஓம் பிள்ளை, உள்ளுக்கு வந்திட்டான். நானும் பாத்தனான்."