சுவரில் ஏறிய பெருக்கல் குறி

அந்தக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம். அது அவளுக்கும் தெரியும். கோபம் வந்ததில்லை. பொய்யா என்ன? அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். பலகையில் ஒரு கூட்டலைத் தொடங்குவாள், பாதியில் போய் ஜன்னலைத் திறப்பாள், கடைசி பெஞ்சில் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவாள், திரும்பி வந்து மீதிக் கூட்டலை முடிப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள்.

வீட்டிலும் அதே கதைதான். கணவன் லாரி ஓட்டுகிறவன். வண்டியை எங்காவது ஓரங்கட்டிவிட்டு அவன் போன் செய்கிறவரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. மகளை ஒன்பது மணிக்கே படுக்க வைத்துவிட்டு, சமையலறைக்கும் வாசல் கதவுக்கும் நடுவே, ரப்பர் செருப்பு டப்டப்பென்று அடிக்க, குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பாள். கேஸை மூடினோமா? தாழ்ப்பாள் போட்டோமா? மூடியதும் தெரியும், போட்டதும் தெரியும். இருந்தாலும் போய்த் தொட்டுப் பார்த்தால்தான் ஆகும். போன் சில நாள் பத்து மணிக்கு வரும், சில நாள் விடியப்போகும்போது வரும். வந்த பிறகு கூடத்து சோபாவில் அப்படியே சாய்வாள். காலையில் எழுந்து, "எழுந்திருடி சோம்பேறி, உன்னை எழுப்புறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது" என்று மகளை உலுக்குவாள்.

மகளும் அவள் வகுப்பில்தான் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 'டீச்சர்', வீட்டில் 'அம்மா'. ஒரு நாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவு கெட்டிக்காரி.

அன்றைக்குப் பாடம் புள்ளிக்கோட்டுப் படம். பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒரு கோடு கிழித்து எண்களை வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் அவரவர் எண்ணுக்கு மேலே ஒரு பெருக்கல் குறி. எங்கே கூட்டம், எங்கே ஆளே இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

"நேத்து ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினீங்க? அரை மணி வரைக்கும் சரியா எழுதணும். பேர் வேண்டாம்" என்று சீட்டுகளை ஒரு டிபன் டப்பாவில் வாங்கினாள். ஆறு மணி நேரத்துக்குக் கீழே எந்தப் பிள்ளை தூங்கும் என்று அவளே முடிவு கட்டி, பலகையின் இடது ஓரத்தில் ஆறைப் போட்டு, பத்துவரை கோட்டை இழுத்தாள். முதல் பெஞ்சு வாயாடி சீட்டுகளைப் பிரித்து வாசித்தாள். எட்டரைக்கு மேல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, டீச்சர் எக்கிப் போட வேண்டியதாயிற்று.

"நாலரை" என்றாள் வாயாடி.

அட, இடமே இல்லையே! டீச்சர் கோட்டைப் பலகைக்கு வெளியே நீலச் சுவரில் இழுத்து, நாலரையை எழுதி, மேலே குறியைப் போட்டாள். அது தனியாக நின்றது.

"யாரோ தப்பா எழுதியிருக்காங்க டீச்சர். அழிச்சிடுங்க."

"அதெப்படி அழிக்கிறது? கூட்டத்தோட சேரலைன்னா தப்பாயிடுமா? ஏன் தனியா நிக்குதுன்னு கேக்கணும். அதுக்குத்தான் இந்தப் படமே."

பெரிதாகச் சொல்லிவிட்டாள், அந்தக் கேள்வி அவளையே பிடித்துக்கொண்டது. யார் பெற்ற பிள்ளையோ, இந்த வயதில் நாலரை மணி நேரம்தான் தூங்குகிறது! வீட்டில் அடிதடியா? வேலைக்கு அனுப்புகிறார்களா? சீட்டுகளைத் தேடினாள், குப்பை வண்டி போய்விட்டிருந்தது. ஒருத்திக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருக்க, ஜன்னல் பக்கம் இழுத்துப்போய்ப் பார்த்தாள். பேனா மை. மிச்சம் இருந்தவன், வாய் மூடாமல் கொட்டாவி விடும் கடைசி பெஞ்சுக்காரன்.

"எத்தனை மணிக்குடா படுக்கறே? சும்மா சொல்லு, திட்ட மாட்டேன்."

"எட்டு மணிக்கு டீச்சர். பத்து மணி நேரம் தூங்கியும் பத்த மாட்டேங்குது."

அவள் நம்பினால்தானே! மாலை மணி அடித்ததும், வாசலில் நிற்கும் அவன் அம்மாவைப் பிடித்துவிட வேண்டுமென்று படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். கடைசிப் படியில் கணுக்கால் மளுக்கென்றது.

"எலும்பு தப்பிச்சுது. ஒரு வாரம் காலைத் தரையில வைக்கவே கூடாது" என்று கட்டுப்போட்டு அனுப்பினார் டாக்டர்.

பம்பரத்தைப் படுக்கையில் போட்டால் என்ன ஆகும்? போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, மகள் பக்கத்தில் படுத்துக் கூரையை முறைத்தாள். மகளோ அம்மாமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கினாள். காலையில் எழுப்பாமலே எழுந்தாள். அதையெல்லாம் பார்த்தும் டீச்சருக்கு உறைக்கவில்லை. மனசு முழுக்க யார் வீட்டுப் பிள்ளையோ இருந்தது.

ஒரு வாரம் கழித்து நொண்டிக்கொண்டே வந்தாள். பலகையைத் துடைத்திருந்தார்கள், சுவரை யாரும் தொடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு முதல் வேலையாக மறுபடி சீட்டு வாங்கினாள். இந்தத் தடவை கோட்டை நாலிலிருந்து ஆரம்பித்தாள். வாயாடி வாசித்து முடித்தாள். ஏழரைக்கு இடப்பக்கம் ஒரு குறியும் இல்லை.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னாள். "போன வாரப் படம் உங்க நோட்டுல இருக்கில்ல? ரெண்டையும் பாருங்க. தனியா நின்னவங்க கூட்டத்துக்குள்ள வந்துட்டாங்க. இந்த ஒரு வாரத்துல என்ன மாறுச்சு?"

கொட்டாவிக்காரன் எழுந்தான்.

"ஒண்ணும் மாறலை டீச்சர். உங்க கால்தான் சுளுக்கிச்சு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓட்டிய பார்வை மூன்றாவது பெஞ்சில் நின்றுவிட்டது. அங்கே ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்து நகத்தால் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை. "கண்ணு, அது நீயா?"

"ம்."

"ஏன்டி அம்மாகிட்ட சொல்லலை?"

"நீ கேக்கலையே. டீச்சர் கேட்டாங்க, எழுதினேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் செருப்புச் சத்தம் கேட்டா தூக்கம் வரலையா?"

"சத்தம் கேட்டா ஒண்ணுமில்லைம்மா. சத்தம் நின்னாத்தான். கதவுகிட்ட நின்னு அழுவே. நீ மறுபடி நடக்கறியான்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்."

அந்த அழுகை யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதாள்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அவளும் கூடவே படுத்தாள். போன் இன்னும் வரவில்லை. கேஸை மூடினோமா? மகள் காலைத் தூக்கி அவள்மேல் போட்டாள். எழுந்து போய்ப் பார்க்க அவள் பாதமெல்லாம் குறுகுறுத்தது. அவள் அசையவில்லை.