கெர்னுங்க

நானும் என் மனைவியும் காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே நடந்த ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தோம். அவள் நர்ஸ். நான் பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். இரண்டு பேரும் சேர்ந்தே ஜெர்மனி போய்விடலாம் என்பது திட்டம். திட்டம் போட்டது நான். எனக்கெதற்கு என்று இருந்தவளைக் கெஞ்சிக் கூத்தாடி வகுப்புக்கு இழுத்துப் போனதும் நான்தான்.

அங்கே முதலில் என்னை மாட்டிவிட்டது ஒரு சின்னச் சொல். 'கெர்ன்' என்றால் மனசார, விருப்பமாக. அதற்கு முன்னால் ஒரு 'உன்' சேர்த்து 'உன்கெர்ன்' என்றால் வேண்டாவெறுப்பாக. காபி குடிக்கிறீர்களா என்று டீச்சர் ஜெர்மனில் கேட்டார். கோயமுத்தூர்க்காரன் டீச்சருக்கு மொட்டையாகப் பதில் சொல்வானா? "கெர்னுங்க" என்றேன். வகுப்பே சிரித்தது.

"அந்த 'உங்க'வைத் தூக்கி முன்னாடி போட்டுறாதீங்க. அப்புறம் காபி கிடைக்காது" என்றார் டீச்சர்.

பரீட்சை வந்தது. அவள் பாஸ். நான் பேச்சுத் தேர்வில் கோட்டை விட்டேன். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையிலிருந்து அவளுக்கு வேலை ஒப்பந்தமும் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

சொந்தக்காரர்கள் முன்னால் "ஐயாம் ஸோ ஜெலஸ்" என்று சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். இங்கிலீஷில் சொன்னால் பொறாமைகூடப் பாராட்டாகிவிடுகிறது. அதையே தமிழில் சொல்லியிருந்தால் மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து மகளுக்குச் சுத்திப் போட்டிருப்பார். எனக்கு இருந்ததோ அந்தத் தமிழ்ப் பொறாமைதான். வயிறு எரிந்தது.

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தொட்டி நிறைந்திருப்பது தெரிந்தும் மோட்டாரைப் போட்டேன், நிறுத்தினேன். பைக்கை எடுத்துக்கொண்டு காரமடை வரைக்கும் போனேன். கோயிலுக்குள் போகத் தோன்றவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

"ஏனுங்க, கையெழுத்துப் போட்டுரட்டுங்களா?" என்று தினமும் கேட்டாள்.

"பாக்கலாம் அம்மணி" என்பேன். இன்னொரு நாள், "உன்ற இஷ்டம்."

எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டோம். பார்க்கலாம் என்றால் கேட்டவருக்கே புரிந்துவிடும். அவளுக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் விடாமல் கேட்டாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒப்பந்தத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தமிழ்ல கேட்டா நழுவிப்போடுவீங்க. ஜெர்மன்ல சொல்லுங்க. கெர்னா, உன்கெர்னா?"

அந்த மொழியில் எனக்கு மழுப்பத் தெரியாது. அவ்வளவு தூரம் நான் படிக்கவில்லை.

"உன்கெர்ன்" என்றேன். அது வாயைவிட்டுப் போனதும் பின்னாலேயே தமிழும் வந்துவிட்டது. "பொறாமையா இருக்குது கண்ணு. நான் போகோணும்னு ஆரம்பிச்சது. நீ மட்டும் போறது எனக்குப் புடிக்கலை."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க இல்லாம போறது எனக்கும் உன்கெர்ன்தானுங்க" என்றாள்.

பிறகு கையெழுத்துப் போட்டாள்.