நடுவில் இருந்த நாலு வரி

சுத்தியலக்காவுக்கு அந்தப் பேர் வந்தது சுத்தியலைப் பிடிப்பதால் அல்ல, எறிவதால். வயது ஐம்பத்திரண்டு. தகரத் தகட்டை வளைத்து அலமாரியும் பெட்டியும் செய்கிற பட்டறை அவளுக்கும் அவள் தம்பிக்கும் பொது. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஒருமுறை அவள் எறிந்த சுத்தியல் ஜன்னலைத் தாண்டி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, போகிற போக்கில் ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியையும் கழற்றிக்கொண்டு போனது. கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன். தம்பியும் சளைத்தவன் இல்லை. இருவரும் மோதிக்கொண்டால் தெரு நாய்கள் குடும்பத்தோடு அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும்.

பட்டறை நடுவில் ஆனை உயரத்துக்கு ஒரு பிரஸ். கீழே நீளமான பள்ளம், மேலே கத்தி மாதிரி இரும்பு. நடுவில் தகட்டை வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேல் இரும்பு இறங்கும், தகடு மறுபேச்சு பேசாமல் மடங்கும். அதை ஆட்டிவைப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதிலுள்ள புரோகிராமை எழுதியவர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூறு வாங்கிய திமிரில் அக்கா அதைத் தானே படித்துக் கரைத்துக் குடித்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு பிரஸ் இறங்கியது. தம்பியின் வலது கையில் இரண்டு விரல்கள் தகட்டோடு சேர்ந்து மடங்கின. கையைப் பிய்த்து இழுத்தபோது விரல்கள் அங்கேயே தங்கிவிட்டன. இரத்தம் தகடு முழுக்க ஓட, அவன் இடது முஷ்டியால் பிரஸ்ஸைக் குத்திக் குத்திக் கத்தினான்.

"நான் மிதிக்கல! நான் மிதிக்கவே இல்ல!"

யார் நம்பினார்கள்? வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுத்துக் காலால் தாளம் போடுவது அவன் வழக்கம். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே அவன் மனைவி சொன்னாள்: "தாளம் போட்டிருப்பீங்க. அந்தக் கால் எப்ப சும்மா இருந்துச்சு?" அவன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் அடித்தான். பக்கத்துப் பட்டறை வெல்டர் பார்க்க வந்து, "கால் தவறுறது சகஜம்ணே" என்று ஆறுதல் சொன்னார். இடது கையால் விழுந்த குத்தில் அவருடைய முன்பல் ஒன்று ஆஸ்பத்திரித் தரையில் உருண்டது.

மூன்று வாரம் இப்படி ஊரை அடித்துவிட்டு, தம்பி ஒருநாள் அக்காவிடம் மெல்லக் கேட்டான். "அக்கா, ஒருவேளை நான்தான் மிதிச்சேனோ?"

அடிதடிக்காரன் குரல் கம்மினால் கேட்கச் சகிக்காது.

"திங்கக்கிழமை கடப்பாரையோட வரேன். அதுக்குள்ள நீ கண்டுபிடி. இல்லன்னா அந்த கம்ப்யூட்டர நொறுக்கிட்டு, நான்தான் மிதிச்சேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். இந்த ரோதனை தாங்கல."

அக்கா இணையத்தில் அந்தத் தன்னார்வலர்கள் கூடிப் பேசும் மன்றத்துக்குப் போனாள். அங்கே உதவி கேட்பதற்கு முறை உண்டு. எந்தப் பதிப்பு, என்ன நடந்தது, இயந்திரம் எழுதிவைத்த குறிப்பு முழுவதும் தர வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: புரோகிராமில் நீங்கள் கை வைத்தீர்களா? அக்கா "இல்லை" என்று எழுதினாள்.

பதில் சொல்ல வந்தவர் பட்டப்பெயர் முள்ளம்பன்றி. யார், எந்த ஊர், தெரியாது. கூலி வாங்காமல் உதவுவார். அதற்குப் பதிலாகக் கேட்பவர் தோலை உரிப்பார்.

"யோவ், கையேட்ட படிச்சியா, இல்ல நேரா அழ வந்துட்டியா?"

"நான் யோவ் இல்ல, பொம்பள. கையேட்டுல நாப்பதாம் பக்கம் நீங்க தப்பா எழுதியிருக்கறதையும் படிச்சேன்."

"அப்படி வாம்மா வழிக்கு."

மூன்று நாள் இருவரும் எழுத்திலேயே ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தார்கள். அக்கா இரண்டு கீபோர்டுகளைச் சுவரில் அடித்து உடைத்தாள். முள்ளம்பன்றியோ தன் வீட்டுச் சமையலறையில் ஒரு மோட்டாரும் வெட்டுக்கத்தியும் பூட்டி, அதே புரோகிராமை ஓட்டி, விரலுக்குப் பதில் கேரட் வைத்துப் பார்த்தார். எழுநூறு கேரட். ஒன்றுகூடத் தானாக வெட்டுப்படவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவரிடமிருந்து வந்தது:

"உங்க குறிப்புல இரும்ப இறக்கற கட்டளை இருநூத்திப் பன்னெண்டாம் வரியில இருக்கு. எங்க கோப்புல அது இருநூத்தியெட்டு. நடுவுல இருக்கற நாலு வரி யாரோடது?"

அக்காவுக்கு அது மறந்துபோகவில்லை. நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். ஆறு மாதம் முன்பு தம்பி, "மிதிச்சா டக்குனு இறங்கணும், யோசிச்சு யோசிச்சு இறங்குது" என்று முணுமுணுத்தான். புரோகிராம் பெடலை ஒருமுறை பார்த்து, இமைப்பொழுது பொறுத்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் இரும்பை இறக்கும். இரண்டாம் முறை பார்ப்பதைத் தாண்டிப்போக அக்கா நாலு வரி சேர்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொன்னாள்.

"எழுநூறு கேரட்டும்மா," என்று எழுதினார் முள்ளம்பன்றி. "பொய் சொல்றவங்களுக்கு நான் உதவறதில்ல. விரல் போனவருக்காக இதச் சொல்றேன். பக்கத்துல வெல்டிங் நடக்குதா? அந்தத் தீப்பொறி கிளப்பற மின் அதிர்வு பெடல் ஒயர்ல ஏறினா, இமைக்கறதுக்கும் கம்மியான நேரம் மிதிச்ச மாதிரியே தெரியும். ரெண்டாம் தடவ பாக்கறதே அதுக்குத்தான். கட்டைய வச்சுப் பாருங்க. கைய வைக்காதீங்க."

திங்கள் காலை தம்பி கடப்பாரையோடு வந்தான். அக்கா பெடலைத் தூக்கி, எந்தக் காலும் எட்டாத மேசைமேல் வைத்தாள். பிரஸ்ஸில் ஒரு மரக்கட்டை. ஒரு பல் போன வெல்டர் தன் பட்டறையிலிருந்து தீப்பொறி கிளப்பினார். பதினோரு தடவை ஒன்றும் இல்லை.

"விடுக்கா. நான்தான் மிதிச்சிருக்கேன்."

பன்னிரண்டாவது பொறிக்கு இரும்பு இடிபோல இறங்கியது. கட்டை வெடித்தது. ஒரு சிலாம்பு அக்காவின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. தம்பி மேசைமேல் அனாதையாய்க் கிடந்த பெடலைப் பார்த்தான்.

"நான் மிதிக்கல," என்றான்.

"இல்லடா. அதுல நாலு வரி நான் மாத்தினேன். மாத்தினதச் சொல்லல."

கடப்பாரை பறந்தது. இடது கை இன்னும் பழகாததால் அவள் தலைக்குப் பதில் ஜன்னல் போனது. அடுத்த நொடி அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போய், அவள் வலது கையைப் பிரஸ்ஸின் பள்ளத்தில் அழுத்தினான்.

"வெல்டிங் போடுய்யா!"

"மாட்டேண்ணே!" தன் பட்டறை வாசலிலிருந்து பார்த்த வெல்டர் கையில் இருந்ததைக் கீழே எறிந்தார். "இன்னொரு பல்லையும் எடுத்துக்கோ. போட மாட்டேன்."

"போடுங்க," என்றாள் அக்கா. கையை அவள் இழுக்கவில்லை.

கன்னத்து இரத்தம் சொட்டுச் சொட்டாகப் பள்ளத்தில் விழுந்தது. தம்பி அவளுடைய ஐந்து விரல்களையும் பார்த்தான். அவற்றை அழுத்திக்கொண்டிருந்த தன் மூன்று விரல்களையும் பார்த்தான். பிறகு அவள் கையை வெளியே பிடுங்கிப் போட்டு, காதோடு ஒரு அறை விட்டான். அந்தக் காது இன்றுவரை பாதிதான் கேட்கிறது.

"எழுது," என்றான். "அங்க பொய் எழுதின இடத்துலயே எழுது. எல்லாரும் பாக்கட்டும்."

அக்கா வீங்கிய முகத்தோடு எழுதினாள். தம்பியின் மனைவி பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துவிட்டு, மூன்று வாரமாகச் சொன்னதையெல்லாம் எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல், புருஷனின் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த இரண்டாம் பார்வையை யாராவது எடுத்துவிட்டால் இயந்திரமே கிளம்பாதபடி முள்ளம்பன்றி ஒரு சோதனை சேர்த்தார். அதற்கு என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டார். தம்பி அக்காவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, இடது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினான். இப்போது அந்தப் புரோகிராம் ஓடுகிற இடத்திலெல்லாம், பிரஸ் அசைவதற்கு முன்னால் அந்தச் சோதனை தேறிய சேதி திரையில் ஒரு வரியாக வரும்: "நான் மிதிக்கல — சரி."

வெல்டருக்குத்தான் குறை தீரவில்லை. "என் பல்லுக்கு ஒரு வரி எழுத மாட்டீங்களா?" என்று இன்றும் கேட்கிறார், கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.