இடப்பக்கம் இழுத்த கார்

திருவாதவூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக அம்மாவுக்குப் பதவி உயர்வு வந்தது. பழங்காநத்தத்திலிருந்து பஸ் மாறிப் போனால் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். கார் ஓட்டத் தெரிந்தால் அந்த வேலை. இல்லையென்றால் வேண்டாமென்று எழுதிக்கொடுக்க வேண்டியதுதான். அம்மாவோ முதல் லைசென்ஸ் டெஸ்டிலேயே தோற்றுவிட்டாள். ஓரமாக நட்டிருந்த குச்சிகளில் மூன்றை எங்கள் பழைய வெள்ளைக் கார் சாய்த்துவிட்டது. மூன்றும் இடப்பக்கத்துக் குச்சிகள்.

"ஒனக்குக் கையில பலம் பத்தல" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

காரைப் பற்றி அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சுக் கிடையாது. வேகத்தடையில் அடிப்பாகம் தட்டுகிறதென்று, மூன்று மாதம் முன்பு அவரேதான் ஒரு நண்பரோடு சேர்ந்து ஸ்பிரிங்குகளுக்கு மேல் தடித்த வளையங்கள் வைத்து வண்டியை உயர்த்தியிருந்தார். ஜீப் போல நிற்கிறதென்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

அம்மா அறிவியல் டீச்சர். சனிக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கும்போது, ஒரு நூலில் பூட்டைக் கட்டி முன்சக்கரத்தின் மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டாள். வலது சக்கரத்தில் நூல் மேலும் கீழும் ஒட்டி நின்றது. இடது சக்கரத்தில் கீழே நூலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. அந்த டயரின் வெளி ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்ததை என் கையைப் பிடித்துத் தடவிக் காட்டினாள்.

மறுநாள் மேலூர்ப் பக்கம் ஆளில்லாத நேர்ரோட்டில், "ஏங்க, ஸ்டியரிங்குலருந்து கொஞ்சம் கையை எடுங்க, பாப்போம்" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே எடுத்தார். வண்டி மெல்ல இடப்பக்கம் வயலைப் பார்த்துப் போனது.

"ரோடு அந்தப் பக்கம் சரிவா இருக்கு."

"அப்பச் சரி. வலது ஓரமா ஏத்தி ஓட்டுங்க. அங்க சரிவு வலப்பக்கம்தான?"

வலது ஓரத்திலும் கையை எடுத்தார். சரிவை மதிக்காமல் வண்டி மறுபடி இடப்பக்கமே வந்தது. "நாளைக்கு மெக்கானிக்குகிட்ட காட்டிருவோம்" என்று அப்பா வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மெக்கானிக் குனிந்து பார்த்த உடனே சொல்லிவிட்டார். "வண்டிய உசத்துனா வீலு சாயத்தாண்ணே செய்யும். அன்னைக்கே அலைன்மெண்ட் பாத்திருக்கணும். இம்புட்டு நாளு எப்பிடிண்ணே நேரா ஓட்டுனீக?" ஒரு மணி நேரத்தில் சக்கரங்களை நிமிர்த்திக் கொடுத்தார்.

திரும்பும்போது அப்பா ஓட்டினார். இப்போது கார் வலப்பக்கமாகப் போய், எதிரே வந்த சைக்கிள்காரரிடம் வசவு வாங்கியது. மூன்று மாதமாக ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்தே பிடித்துப் பழகிய கை அது. அவருக்கே அது தெரியாது.

"பாவிப்பய, வண்டியக் கெடுத்துட்டான்" என்றார். முகம் வேர்த்திருந்தது.

அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "ஆமாங்க, கெடுத்துட்டான் போல. நீங்க இந்தப் பக்கம் வாங்க. நான் மெதுவா ஓட்டிப் பாக்குறேன்."

கார் கோடு போட்டது போல நேராக வீட்டுக்கு வந்தது. அடுத்த வாரம் ஒரு குச்சிகூட விழாமல் லைசென்ஸ் வாங்கி, அம்மா திருவாதவூர் வேலையிலும் சேர்ந்தாள்.

மெக்கானிக் கெடுத்துவைத்த காரை நேராக ஓட்ட மதுரையிலேயே எங்கள் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும் என்று, வகுப்பில் நான் வெகுநாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.