ஏணி வைத்து ஏறும் பாலம்

எங்கள் ஊர் ஓடையின் மேல் அரசாங்கம் ஒரு பாலம் கட்டியிருக்கிறது. அதில் ஏறுவதற்கு ஏணி வேண்டும். கள்ளக்குறிச்சியில் யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் நானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். இப்போது பேச்சை எடுத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

ஊர் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி ஜீப் பிடித்து, ஜீப்பும் நின்றுபோன பிறகு ஓடையில் பாறை பாறையாகக் கால் வைத்துத் தாண்ட வேண்டும். நான் அங்கே பிறந்து, விடுதியில் தங்கிப் படித்து, கீழே இறங்கி வந்தவள். கள்ளக்குறிச்சியில் அரசாங்க ஆபீஸ்கள் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாள் என்பதால் அன்று கடையில் நிற்க இடமிருக்காது. அக்கா ஊரிலேயே இருந்துவிட்டாள். அவளுக்கும் மாமாவுக்கும் ஓடைக்கு அந்தக் கரையில் ஒரு மேட்டுக்காடு. அதில் சாமை போடுவார்கள். வீட்டுக்கு வேண்டியது போக மிச்சம் இருந்தால் தலையில் சுமந்து ஓடையைத் தாண்டி விற்பார்கள். பெரிதாக மிச்சம் இருக்காது, ஆனால் அடுப்பு ஒரு நாளும் அணைந்ததில்லை.

பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஓடைக்கரையில் ஷாமியானா, இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம், மைக்செட், வந்தவர்களுக்கெல்லாம் துண்டு. மறுநாள் அக்கா, டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று எனக்கு போன் செய்தாள்.

"இந்த வருசம் சாம வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்டி. கெழங்கு போடறோம். ஊரே கெழங்குதான் போடுது. பாலம் வந்துட்டா லாரி காட்டாண்டயே வந்து நிக்கும்."

"கல்லுதான் நட்டிருக்காங்க. இன்னும் பாலம் நடல" என்றேன்.

"நீ கீழ போயி எதையும் நம்பாத புத்தி ஆயிடுச்சி உனுக்கு. பணம் ஒதுக்கியாச்சின்னு மைக்குல சொன்னாங்க. அத்தினி பேரு முன்னாடி பொய் சொல்லுவாங்களா?"

மரவள்ளிக் கிழங்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சாமையை மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டு, முடிந்தபோது சுமக்கலாம். கிழங்கு அப்படியில்லை. பத்து மாதம் மண்ணுக்குள் பொறுமையாக இருக்கும். தோண்டி வெளியே எடுத்துவிட்டால் ஓரிரு நாளுக்குள் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இல்லையென்றால் உள்ளே கறுத்துவிடும், மாவுச்சத்து இறங்கிவிடும். அங்கே மாவுச்சத்தின் அளவை பாயிண்ட் என்பார்கள், பாயிண்ட்டை வைத்துத்தான் விலை. லாரி இல்லாத ஊரில் கிழங்கு போடுவதும் விறகு போடுவதும் ஒன்று. அக்கா அந்த வருடச் சாப்பாட்டையே பாலத்தை நம்பி மண்ணுக்குள் புதைத்தாள்.

அந்தப் பாலத்துக்குப் பணம் எப்படி வருகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆபீஸ்காரர்களும் கான்ட்ராக்டர்களும் என் கடையில் டைப் அடித்துக்கொண்டு போவதே அதுதான். சம்பளம், பென்ஷன், பழைய கடனுக்கு வட்டி எல்லாம் போனபின் அரசாங்கத்தின் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பாலம், ரோடு, அணை என்று நிலைத்து நிற்கிறவற்றைப் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் கட்டுகிறார்கள். மூலதனச் செலவு என்று அதற்குப் பெயர். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வீடு கட்ட நாமும்தான் கடன் வாங்குகிறோம். பாலம் நம் பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்கும், அவர்களும் சேர்ந்து அடைக்கட்டும் என்பது நியாயமான பேச்சு. என் அக்கா குளிக்கிற சோப்புக்குக் கொடுக்கிற வரியிலும் ஒரு துளி அந்த வட்டிக்குப் போகிறது. அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சந்தோஷமாகத்தான் கொடுத்திருப்பாள்.

குமட்டல் வருவது அடுத்த இடத்தில். அந்தப் பணம் ஒரே பையில் இருப்பதில்லை. பாலத்துக்கு ஒரு பை, ரோட்டுக்கு ஒரு பை, விளக்குக்கு ஒன்று, பராமரிப்புக்கு ஒன்று. ஒவ்வொரு பைக்கும் ஒரு ஆபீஸ், ஒரு உச்சவரம்பு, ஒரு நிபந்தனை. ஒரு பையில் இருப்பதை இன்னொன்றில் போட்டால் தணிக்கைக்காரர்கள் வந்து கழுத்தைப் பிடிப்பார்கள். மார்ச் கடைசிக்குள் செலவாகாத பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதனால் வருடம் முழுக்கத் தூங்குகிற வேலை பொங்கல் கழிந்ததும் பேய் பிடித்ததுபோல எழுந்து ஆடும்.

எங்கள் பாலமும் அப்படித்தான் எழுந்தது. மழைக்காலம் முடியும்வரை அடிக்கல்லில் ஆடு கட்டியிருந்தார்கள். தையில் கலவை மெஷின் வந்தது, ஆட்கள் வந்தார்கள், பகலும் ராத்திரியும் ஒரே சத்தம் என்று அக்கா பூரித்துப்போய் போனில் சொல்வாள். பங்குனியில் நான் போய்ப் பார்த்தேன்.

நல்ல பாலம். அதைச் சொல்லத்தான் வேண்டும். தூண்கள் உறுதியாக நின்றன, மேல்தளம் வழவழவென்று இருந்தது, கல்வெட்டு பளபளத்தது. ஆனால் இரண்டு பக்கமும் தளம் காற்றில் முடிந்தது. தரையிலிருந்து ஒன்றரை ஆள் உயரத்தில், கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே நின்றது. சரிந்து இறங்கிக் கரையோடு சேர வேண்டிய பாதை இல்லை. மாமா மூங்கிலில் ஏணி கட்டி இரண்டு பக்கமும் சாத்தியிருந்தார். அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அரசாங்கமே நான்தான் என்பதுபோலக் கேட்டாள்.

"இன்னாடி இது? மண்ணு எப்ப கொட்டுவாங்க? கெழங்கு முத்திக்கினு வருது."

கீழே வந்ததும் அந்த வேலையைப் பார்த்த இன்ஜினியரைப் போய்ப் பார்த்தேன். என் கடைக்கு வந்து போகிறவர்தான், பழக்கம் உண்டு.

"எஸ்டிமேட் போட்டப்ப ரெண்டு பக்கத்து பாதையும் சேத்துத்தாம்மா போட்டோம்" என்றார். "மொத்தம் வரம்பைத் தாண்டிடுச்சி. பாதையை எடுத்தா உள்ள அடங்குது. அதனால எடுத்துட்டு, அதை வேற திட்டத்துல எடுத்துக்கலாம்னு எழுதிட்டோம்."

"எந்தத் திட்டம் சார்?"

"வேற திட்டம்மா. இனிமே வரணும்."

"எப்ப வரும்?"

"இந்தக் கரை பஞ்சாயத்து, அந்தக் கரை ஃபாரஸ்ட்டு. ஃபாரஸ்ட்டுக்குத் தனியா பர்மிஷன் வேணும்."

நடுவில் இருக்கிற பாலத்துக்கு மட்டும் யாருடைய ஆட்சேபணையும் இல்லை. அது தண்ணீருக்கு மேல் இருந்தது.

"அப்ப பாதை இல்லாம ஏன் சார் கட்டினீங்க?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "மார்ச்சுக்குள்ள கட்டலன்னா பணம் திரும்பிப் போயிருக்கும்மா. அப்புறம் உங்க ஊருக்குப் பாலமே கிடையாது."

டீ வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் பாலத்தில் அவர் ஒரு ரூபாய் எடுத்திருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. திருடனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்தானாம். இங்கே யானை வாங்குகிறவன் ஒரு துறை, அங்குசம் வாங்க வேண்டியவன் இன்னொரு துறை. இருவரும் கணக்கில் யோக்கியர்கள்.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மாமாவும் நாலு பேரும் மண்வெட்டி எடுத்து இந்தக் கரையில் மண்ணைக் கொட்டி மேடு கட்டினார்கள். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கிழங்கு வாங்க வந்த லாரிக்காரர் அதன்மேல் ஏறி நின்று காலால் மிதித்துப் பார்த்தார். மண் பொலபொலவென்று சரிந்தது. "பக்கச் சொவுரு இல்லாம மண்ணு நிக்காதுங்க. லோடு ஏத்துனா வண்டி கவுந்துடும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை.

அந்தச் சமயத்தில்தான் மற்ற பைகள் திறந்தன. ஒரு நிதியிலிருந்து பாலத்தின் நடுவில் உயரமான விளக்குக் கம்பம் வந்தது. இன்னொரு நிதியிலிருந்து இந்தக் கரையில் ஒரு பஸ் நிழற்குடை வந்தது. ஜீப்போடு வழி முடிகிற இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்க, டைல்ஸ் ஒட்டின பெஞ்சோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வெட்டு. இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி மண் நிரப்ப மட்டும் எந்தப் பையிலும் விதி இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி விடுகிறவர்களையாவது புரிந்துகொள்ளலாம். இவர்கள் நெய்யை அள்ளி, இலை போடாத இடத்தில் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறார்கள்.

"வெளக்கு நல்லா எரியுதுடி" என்றாள் அக்கா. "ஏணில ஏறும்போது காலு தெரியுது."

அவள் கிண்டல் செய்தாளா, நிஜமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கிழங்கை ஒரு அளவுக்கு மேல் மண்ணில் விட்டுவைக்க முடியாது, நார் பாய்ந்துவிடும். தோண்ட ஆரம்பித்தார்கள். மூட்டையைத் தலையில் வைத்து ஏணியில் ஏறி, பாலத்தில் நடந்து, இந்தக் கரை ஏணியில் இறங்கி, லாரி நிற்கிற இடம்வரை சுமந்தார்கள். ஒரு லோடு சேர்வதற்குள் முதலில் தோண்டினது கறுத்துவிட்டது. ஃபேக்டரியில் பாயிண்ட் பார்த்துவிட்டு, ரொம்பக் கம்மி என்று சொன்ன விலையில் லாரி வாடகைக்கே இழுபறி. அதற்குமேல் அக்கா தோண்டவில்லை. மீதியைக் காட்டுப்பன்றி தோண்டியது. தலைமுறை தலைமுறையாகச் சாமை விளைந்த வீட்டில் அந்த வருடம் சாமை இல்லை. ரேஷன் அரிசி தீர்ந்ததும் அவள் வாயைக் கட்டி வாழ்ந்ததை மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஊராருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுக்கிறவள், எனக்காக ஒன்று எழுதினேன். பாலத்தில் ஏற இறங்க வழியில்லை, உடனே வழி செய்து தர வேண்டும் என்று திங்கட்கிழமை வரிசையில் நின்று கொடுத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நடவடிக்கை எடுத்தார்கள். சீக்கிரமாகவே எடுத்தார்கள். பராமரிப்புப் பணத்தில் இரண்டு பக்கமும் இரும்புப் படிக்கட்டு வைத்து, அடியில் கான்கிரீட் போட்டு இறுக்கி, கைப்பிடிக்கு மஞ்சளும் கறுப்புமாக பெயின்ட் அடித்துவிட்டார்கள். லாரி ஏற வேண்டிய இடத்தில் இப்போது படிக்கட்டு நிற்கிறது.

இன்ஜினியரே போன் செய்து சொன்னார். குரலில் சந்தோஷம். "உங்க மனுவ முடிச்சாச்சும்மா. உங்க ஊரு இப்ப இணைக்கப்பட்ட குடியிருப்பு லிஸ்ட்டுல வந்துடுச்சி."

"அப்ப அந்தப் பாதை?"

"அந்தப் பணமெல்லாம் இணைக்கப்படாத ஊருக்குத்தாம்மா."

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு அப்படியே மூடிவைத்தேன். எதிரே ஒருவர் ஏதோ மனுவுக்கு நகல் எடுக்க நின்றார். அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவர் என்ன செய்தார், பாவம்.

அடுத்த வருடத்துக்கு விதைச் சாமை இல்லை. கர்நாடகாவில் காபி எஸ்டேட் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் ஊருக்குள் வந்தபோது அக்காவும் மாமாவும் பேர் கொடுத்துவிட்டார்கள். அவர்களோடு இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்கள். வழியனுப்ப நான் மலைக்குப் போனேன். அக்கா வீட்டைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தாள். எல்லாரும் துணிமூட்டையும் பாத்திரச் சாக்குமாக ஓடைக்கு வந்தோம்.

எதிர்க் கரையில் ஜீப் ஒன்று நின்றது. இன்ஜினியர் வந்திருந்தார். வேலை முடிந்ததற்குக் கடைசி அறிக்கை அனுப்ப வேண்டுமாம், பாலத்தைப் பொதுமக்கள் பயன்படுத்துகிற மாதிரி போட்டோ கேட்கிறார்களாம். காலையிலிருந்து காத்திருக்கிறார், ஒருவரும் வரவில்லை. படியேறி வருகிற எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. எல்லாரும் ஒண்ணா வாங்க. மெதுவா நடந்து வாங்க."

என்னைக் கண்டதும் போனைக் கொஞ்சம் தாழ்த்தினார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அக்கா தலைச்சுமையைச் சரி செய்துகொண்டு அவரிடம் கேட்டாள்.

"சார், நாங்க எங்க போறோம்னு அதுல எழுதுவீங்களா?"

"அதெல்லாம் தேவையில்லம்மா" என்றார் அவர். "பாலத்து மேல ஆளு தெரிஞ்சா போதும்."

அக்கா தலையை ஆட்டிவிட்டு, மெதுவாக நடந்தாள்.