காரியஸ்தனின் காய்ந்த கை

அமரவிளையில் எங்கள் ஊர் நூலகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் கூடி, ஒரு பழைய துப்பறியும் நாவலை வாசித்து வந்தோம். நூலகப் பெண் வாசிப்பாள். நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் சுவரோரமிருந்து கேட்பேன். அங்கே நான் வாய் திறந்ததே இல்லை.

கதையில் துப்பறிகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் எல்லோரையும் அதட்டுகிற மாஜி போலீஸ்காரர், மற்றவர் இரத்தம் கண்டால் மயங்கி விழுகிற தையல்காரர். கடைசி அத்தியாயத்துக்கு முன் அவள் புத்தகத்தை மூடி, “கொன்னது யாராக்கும்?” என்று கேட்டாள். போலீஸ்காரரைப் போலவே எல்லோரும் கொலையான பண்ணையாரின் மருமகனைச் சொன்னார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று முதல்முறையாக வாய் திறந்தேன்.

“பண்ணையாருக்க கணக்கு பாக்குற காரியஸ்தனாக்கும். போலீஸ்காரர் வாறது வரை பலாச்சக்கை வெட்டினேன்னு சொன்னான். போலீஸ்காரர் அவனுக்க கையைப் பிடிச்சப்போ அது காஞ்சு சுத்தமா இருந்துதுன்னு எழுதியிருக்கு. எண்ணெய் தேய்க்காம சக்கைப் பசை போவுமா?”

சிலர் சிரித்தார்கள். நூலகப் பெண் கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். தையல்காரர் மயக்கம் தெளிந்து எழுந்து, காரியஸ்தனின் அதே கையைத்தான் சாட்சியாகக் காட்டினார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலை குனியவில்லை.

“எக்கா, அடுத்த புத்தகத்துக்கு நீ வரண்டாம். எங்களுக்குக் கதை கேக்குற ரசம் போவும்” என்றாள் பக்கத்தில் இருந்த மீன்காரி.

“முதல் பக்கத்துக்கே வாறேன்” என்றேன்.