வெர்லின் கெட்டர்மனின் கறுப்பு வெள்ளை பிளைமத்

எங்கள் மாவட்ட வார இதழ் வெர்லின் கெட்டர்மனைப் பற்றி இரண்டு முறை எழுதியது. முதல் முறை முதல் பக்கத்தில், அவருடைய காரின் படத்தோடு, ‘போலிப் போலீஸ்காரர் மீது வழக்கு’ என்ற தலைப்பில் எழுதியது. இரண்டாம் முறை உள்பக்கத்தில், தேவாலயத்து இரவு விருந்து அறிவிப்புக்குக் கீழே, தலைப்பு ஏதும் இல்லாமல் எழுதியது. இரண்டையும் வெட்டி ஒரே உறையில் வைத்திருக்கிறேன். முதலாவதைப் படித்தவர்களில் மிகச் சிலரே இரண்டாவதைப் படித்திருக்கிறார்கள் என்பது கடைத்தெருவில் அவரைப் பார்க்கிறவர்களின் முகத்திலிருந்தே தெரிகிறது. ஆகையால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வெர்லின் அமெரிக்காவின் மேற்கு ஓஹாயோவில் பிறந்து, மேற்கு ஓஹாயோவிலேயே இருப்பவர். வயது அறுபத்து நான்கு. பள்ளி பஸ் ஓட்டுநர். இருபத்தேழு ஆண்டுகளாக அதே வட்டாரத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியதில், இன்று அவர் ஏற்றுகிற சில பிள்ளைகளின் தாய் தந்தையரையும் அவரே ஏற்றியிருக்கிறார். மனைவி நடீன் பல் மருத்துவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

போலீஸ் கார்கள் மீது அவருக்குப் பிடித்தம் வந்தது பத்தொன்பது வயதில். அம்மாவின் காரை டிப்லி என்ற சிற்றூரின் எல்லையில் வேகமாக ஓட்டியபோது, அவ்வூர்ப் போலீசின் கறுப்பு வெள்ளை பிளைமத் ஃப்யூரி பின்னால் வந்து நிறுத்தியது. அதிகாரி அபராதச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். வெர்லினின் கவனமெல்லாம் பின்னால் உறுமிக்கொண்டு நின்ற எஞ்சினில் இருந்தது. “சார், இதுல நானூத்தி நாப்பதா இருக்கு?” என்று கேட்டுவிட்டார். அதிகாரி அவரைச் சிறிது நேரம் பார்த்தார். சீட்டையும் கொடுத்தார், பானெட்டையும் திறந்து காட்டினார். நானூற்று நாற்பது கன அங்குல எஞ்சின். அந்த ஆண்டுகளில் அந்த மாடலைப் போலீசுக்கென்று கட்டும்போதுதான் அதைப் பொருத்துவார்கள்.

டிப்லியின் போலீஸ் இலாகா 1984இல் கலைக்கப்பட்டது. அறுநூறு பேர் வாழும் ஊருக்கு அது கட்டுப்படியாகவில்லை. பாதுகாப்பை மாவட்ட ஷெரிஃப் ஏற்றுக்கொண்டார். அந்தக் கார் எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. வெர்லின் பின்னாளில் வாங்கியது அதே மாடலில் வேறொரு கார். இது அதே கார்தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, செய்தித்தாள்தான் சொன்னது. ஒரு பண்ணையின் பின்புறத்தில், பழுப்பு வண்ணம் பூசப்பட்டு, உள்ளே கோழிகள் முட்டையிட்டிருந்த நிலையில் அவருக்கு அது கிடைத்தது. உண்மையான போலீஸ் காரா, சாதாரணக் காரை அப்படி மாற்றியதா என்பது பழைய போலீஸ் கார் பித்துப் பிடித்த எங்களைப் போன்றவர்களுக்கு உயிர்நாடியான கேள்வி. உண்மையானதென்றால், கூரையின் உட்துணியைக் கிழித்துப் பார்க்கும்போது, சுழல்விளக்கை முடுக்கிய துளைகள் ஈயம் வைத்து அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அன்று எனக்குத் தொலைபேசியில் அழைத்த வெர்லின் வணக்கம்கூடச் சொல்லவில்லை. “ஓட்டை இருக்கு” என்று மட்டும் சொன்னார். நான் உடனே கிளம்பிப் போனேன்.

எங்கள் பழைய போலீஸ் கார் மன்றத்தில் அவரைப் போன்றோர் நாற்பது பேர் இருக்கிறோம், நான் செயலாளர். சந்தை மைதானத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, ஒருவர் காரை மற்றவர் குறை சொல்வதில் ஒரு நாள் முழுவதும் கழியும். வெர்லின் தம் காரை முதன்முதலாகக் கொண்டுவந்த நாளில் ஒருவர் சக்கரத்தின் அருகே குனிந்து, “இந்தச் சக்கர மூடி எழுபத்தெட்டாம் வருஷ வண்டியோடது, இதோடது இல்ல. ஏம்ப்பா, பிள்ளைக்கு அடுத்த வீட்டுச் சட்டையைப் போட்டு அனுப்பியிருக்கே?” என்றார். வெர்லின் அசரவில்லை. “நீ குனிஞ்சு பாத்தியே, அது போதும். இடுப்பு பிடிச்சுக்காம நிமிரு” என்றார். மறுமாதம் சரியான மூடிகளோடு வந்தார்.

மன்றத்துக்கு விதிகள் உண்டு. சாலையில் ஓட்டும்போது கூரை விளக்கைக் கறுப்பு உறையால் மூட வேண்டும். கதவுகளில் ‘பணியில் இல்லை’ என்ற காந்தப் பலகையை ஒட்ட வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் எந்த இலாகாவின் பெயரையும் எழுத்துபூர்வ அனுமதியின்றி எழுதக் கூடாது. அனுமதி கிடைப்பது அரிதாகையால் பெரும்பாலோர் கலைக்கப்பட்ட இலாகாவின் பெயரையே எழுதுவோம். எங்களுக்குள் அதற்குச் ‘செத்த இலாகா’ என்று பெயர். வெர்லின் தம் காரைப் பழையபடி கறுப்பு வெள்ளையாக்கி, கதவுகளில் டிப்லி என்ற எழுத்துகளை ஒட்டியிருந்தார். அந்தப் பட்டியலை ஒவ்வொரு ஜனவரியிலும் நான் சரிபார்க்கிறேன். நான்காவது விதி: முன்னால் போகும் எவரேனும் நம்மைப் போலீஸ் என்று எண்ணி ஓரங்கட்டினால், நிற்காமல் கையசைத்துக் கடந்துவிட வேண்டும்.

சென்ற செப்டம்பரில், சந்தை மைதானத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், டிப்லிக்கு அருகே ஒரு சிறிய கார் வெர்லினைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓரங்கட்டியது. விளக்கு உறைக்குள் இருந்தது. பலகைகளும் கதவுகளில் இருந்தன. ஆனால் கண்ணாடியில் தெரிவது காரின் முகம் மட்டும்தானே. வெர்லின் கையசைத்துக் கடந்திருப்பார். அதற்குள் அந்தக் காரின் வலப்பக்கச் சக்கரங்கள் சரளையில் வழுக்கி வாய்க்கால் பக்கம் இறங்கிவிட்டன. உள்ளே பதினேழு வயதுப் பெண் இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இருபத்தேழு ஆண்டுகள் பள்ளி பஸ் ஓட்டியவரால் அதைக் கடந்து போக முடியவில்லை. இறங்கினார்.

தாம் போலீஸ் இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னதாக அவர் எல்லோரிடமும் சொன்னார். நான் அதை நம்பினேன். அதற்குப் பிறகு நடந்ததையும் அவர் மறைக்கவில்லை. அந்தப் பெண் சன்னல் வழியாக ஓட்டுநர் உரிமத்தை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அம்மாக்களின் கடிதம், மறந்துபோன கையுறை, பாதி தின்ற ஆப்பிள் என்று தினமும் காலையில் பிள்ளைகள் நீட்டுவதை எல்லாம் வாங்கி வாங்கிப் பழகிய கை அது. வாங்கியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. படித்துப் பார்த்து, “டெசா, இது நவம்பர்ல முடியுது, மறந்துடாதே கண்ணு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பின்னால் வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கார் சாலைக்கு ஏறியது. டெசா நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் அவள், டிப்லி என்று எழுதிய போலீஸ் காரைப் பற்றித் தாயிடம் சொன்னாள். மகளை எச்சரித்து அனுப்பியதற்கு நன்றி சொல்ல, தாய் டிப்லி போலீஸ் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஆம், டிப்லிக்கு ஒரு போலீஸ் தலைவர் இருந்தார். ஜனவரியில் நான் சரிபார்த்தபோது செத்திருந்த இலாகா ஜூலையில் பிழைத்துக்கொண்டது. ஊர் மன்றம் சத்தமில்லாமல் ஜோலின் ராஃப் என்ற பெண்ணை நியமித்திருந்தது. இலாகா முழுவதும் அவர் ஒருவர்தான். தம்மிடம் கறுப்பு வெள்ளைக் கார் எதுவும் இல்லை என்று அவர் தாயிடம் சொன்னார்.

அடுத்த வாரம் வெர்லினின் கைக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தது. அன்றே பள்ளி அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கியது. போலீஸாக நடித்த குற்றம் நிரூபணமானால் அவர் இனி எந்தப் பள்ளி பஸ்ஸையும் ஓட்ட முடியாது. அபராதமோ காரைப் பறிகொடுப்பதோ அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. பஸ் போனால் தாம் யார் என்பதே போய்விடும் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் மாற்று ஓட்டுநர் அந்த மஞ்சள் பஸ்ஸை அவர் வீட்டு வாசல் வழியாக ஓட்டிச் செல்லும் நேரத்தில், அவர் பின்கட்டுக்குப் போய்விடுகிறார் என்று நடீன் சொன்னார். சாப்பாடும் குறைந்துவிட்டது. மளிகைக் கடையில் ஒரு தாய் தம் பிள்ளையை அவரிடமிருந்து அடுத்த வரிசைக்கு நகர்த்திக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

காரை விற்றுவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். நடீன் தலை நிமிராமலே பதில் சொன்னார். “வித்தா, தப்பு பண்ணினேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. போய்த் துடைச்சு வை.”

அவர் போய்த் துடைத்தார்.

ஜோலின் ராஃப் வழக்குக்காகப் படம் எடுக்க ஒரு மாலை வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், குறைவாகப் பேசுகிறவர். அவருக்காக எல்லா ஆவணங்களையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். மன்ற விதிகள், ஜனவரிப் பட்டியல், விளக்கு உறையும் பலகையும் தெரியும்படி அன்று மைதான வாசலில் எடுத்த படம். அவர் அவற்றைத் திறக்கவே இல்லை. காரைச் சுற்றி வந்தார். கதவில் இருந்த ‘டிப்லி’ என்ற எழுத்துகளை நெடுநேரம் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். இறங்கிய பின் வெர்லினிடம், அன்று என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வெர்லின் சொன்னார்; ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

“நான் போலீஸ் இல்லன்னு சொன்னீங்க. அந்தப் பொண்ணுக்கு அது கேட்டிருக்குமா?”

“தெரியல, சீஃப். அழுதுட்டிருந்துச்சு.”

வழக்கில் இருப்பது தாயின் வாக்குமூலம் மட்டுமே, பெண்ணின் வாக்குமூலம் இல்லை என்று நான் இடையில் சொன்னேன். ஜோலின் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாக்குமூலத்தை எடுத்ததே தாம்தான், அதுவும் தொலைபேசியில் என்றார். புதிதாக வேலைக்கு வந்தவர், முதல் வழக்கு. வேறு எவரேனும் அந்தப் பெண்ணிடம் கேட்டார்களா என்று வினவினார். அழைப்பாணை கொண்டுவந்த துணை ஷெரிஃப் கேட்கவில்லை, அரசு வழக்கறிஞர் கேட்கவில்லை, செய்தித்தாளும் கேட்கவில்லை என்றேன். அவர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, விடைபெறாமலே போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததை டெசாவின் தாய் வாயிலாகக் கேட்டேன்; ஜோலினும் பின்னர் அதையேதான் சொன்னார். மறுநாள் ஜோலின் அவர்கள் வீட்டுக்குப் போய், தாயை வைத்துக்கொண்டே பெண்ணிடம் கேட்டிருக்கிறார். டெசா தயங்கவே இல்லை.

“அவரு இறங்கும்போதே சொல்லிட்டாரு, நான் போலீஸ் இல்ல, பஸ் டிரைவர்னு. நான்தான் பயத்துல லைசென்ஸை நீட்டிட்டேன். அவரு கேக்கவே இல்ல.”

இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று தாய் கேட்டார்.

“போலீஸ் நிறுத்தினாங்களான்னுதானேம்மா கேட்டே? ஆமான்னுதான் நானும் நினைச்சேன். யோசிச்சுப் பாத்தா, நிறுத்தினது நான்தான். அவரு உதவி பண்ண வந்தாரு.”

அரசு வழக்கறிஞர் விசாரணைத் தேதிக்கு முன்பே வழக்கைத் திரும்பப் பெற்றார். இதழ் இரண்டாம் முறை எழுதியது இதைத்தான். அதைச் சொல்ல ஜோலின் நேரில் வந்தபோது வெர்லின் கார் நிறுத்தும் கொட்டகையில் இருந்தார். செய்தியைக் கேட்டதும் அங்கிருந்த கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நடீன் வந்து அவர் தோளில் கை வைத்தார். ஜோலின்தான் பேச்சைத் தொடங்கினார்.

“ஒரு விஷயம், மிஸ்டர் கெட்டர்மன். என் ஊர் பேரு உங்க கதவுல இருக்கக் கூடாது.”

“இன்னைக்கே எடுத்துடறேன், சீஃப்.”

“அப்புறம்… அந்த எழுத்து அளவெல்லாம் எங்க பிடிச்சீங்க? என் வண்டி இன்னும் வெறும் வெள்ளையாத்தான் நிக்குது. பக்கத்து ஊர்க்காரன் என்னைப் பேக்கரி வண்டிங்கறான்.”

நடீன் சிரித்தார். அந்தப் பழைய எழுத்தின் அச்சுப்படிவம் என்னிடம் மூன்று பிரதிகள் இருந்தன. ஒன்றைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

அவர் போனதும் வெர்லின், நடீனின் தலைமுடி உலர்த்தியை எடுத்து வந்து எழுத்துகளைச் சூடாக்கி ஒவ்வொன்றாக உரித்தார். வண்ணம் ஒரு துளியும் பெயரவில்லை. மன்றத்தில் அடுத்து எந்தச் செத்த இலாகாவின் பெயரை எழுதலாம் என்று ஏற்கெனவே மூன்று கட்சிகள் உருவாகியிருப்பதைச் சொன்னேன். கொஞ்ச நாள் கதவு வெறுமையாகவே இருக்கட்டும் என்றார். பட்டியலை இனி ஜனவரி, ஜூலை இரண்டிலும் சரிபார்ப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஐந்தாவது விதி ஒன்றையும் சேர்த்திருக்கிறோம்: எவர் எதை நீட்டினாலும் வாங்காதே. அது வெர்லினுக்காகவே எழுதப்பட்டது. அவரால் அதைக் கடைப்பிடிக்க முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைசி எழுத்தை உரித்துக்கொண்டிருந்தபோது பள்ளியின் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை காலை வரச் சொன்னார்கள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நான் அதைக் குறிப்பிட்டேன். வெர்லின் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று இரவு உணவில் இரண்டாம் முறை உருளைக்கிழங்கு கேட்டார் என்று நடீன் சொன்னார்.

திங்கட்கிழமை நான் வேண்டுமென்றே பஸ் நிறுத்தும் முற்றத்து வழியாகப் போனேன். மாற்று ஓட்டுநர் உயரமானவர். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடிகளை எல்லாம் தம் உயரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். வெர்லின் இருக்கையை முன்னுக்கு இழுத்தார். உட்கண்ணாடியைச் சாய்த்தார், இறங்கி வந்து இடப்பக்கத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு பஸ்ஸின் முன்னால் சுற்றி வந்து வலப்பக்கத்துக் கண்ணாடியையும் சரிசெய்துவிட்டு, மறுபடி ஏறி, எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறதா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெரிந்திருக்க வேண்டும். கதவு மூடியது, பஸ் கிளம்பியது.